ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டுமா?
மும்பையின் பழைய வீடுகளும் பாரம்பரிய விதிகளும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் கவலையோடு கேட்டார்: "சார், நீங்கள் ரயில்வேயில் கட்டடப் பிரிவில் இருந்தவராயிற்றே. நாங்கள் இருக்கும் கோட்டைப் பகுதிக் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதாம். இனி ஓர் ஆணி அடிக்கக்கூட மாநகராட்சியைக் கேட்க வேண்டுமாமே, உண்மையா?"

"முழுக்க உண்மையும் இல்லை, முழுக்கப் பொய்யும் இல்லை" என்றேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. பந்தியில் பாதியில் நின்றுபோன அந்தப் பதிலைத்தான் இங்கே முழுமையாக எழுதுகிறேன். கிர்காவ், கோட்டை, தாதர் பகுதிகளில் பழைய வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இது பயன்படலாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. சிவில் டிப்ளமா முடித்து 1982-இல் மத்திய ரயில்வேயில் சேர்ந்தேன். அந்நாளில் 'இன்ஸ்பெக்டர் ஆஃப் ஒர்க்ஸ்' என்று சொல்லப்பட்ட கட்டடப் பராமரிப்பு வேலை. ஓய்வு பெறும்வரை கல், சுண்ணாம்பு, தேக்கு உத்தரம், ஒழுகும் கூரை இவற்றோடுதான் காலம் கழிந்தது. நான் வழக்கறிஞனும் அல்ல, கட்டடக் கலைஞனும் அல்ல. அனுபவத்தில் அறிந்ததையும், அடிபட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

விதி பிறந்த கதை

"நம் வீட்டை நாம் எப்படிக் கட்டினால் இவர்களுக்கு என்ன?" என்ற கேள்வி இயல்பானதுதான். ஆனால் மும்பையில் இந்தக் கட்டுப்பாடு புதிதல்ல. இன்று தாதாபாய் நௌரோஜி சாலை என்று அழைக்கப்படும் பழைய ஹார்ன்பி சாலைக்கு 1896-லேயே ஒரு விதி இருந்தது. சாலையோரம் யார் கட்டடம் எழுப்பினாலும் தரைத்தளத்தில் வளைவுகளோடு கூடிய நடைபாதை விட்டுத்தான் கட்ட வேண்டும். வி.டி.யிலிருந்து ஃப்ளோரா நீரூற்றுவரை இன்று கொட்டும் மழையிலும் நாம் பெருமளவு நனையாமல் நடக்க முடிகிறது என்றால், அந்த விதிதான் காரணம். கட்டடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாணி. ஆனால் கீழே ஓடும் அந்த வளைவு வரிசை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துவிடுகிறது.

தாதர், மாட்டுங்கா கதையும் இதுபோன்றதே. 1896-இல் வந்த பிளேக் நோய்க்குப் பிறகு, 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்படுத்தப்பட்டது. காற்றும் வெளிச்சமும் வரும்படி மனை பிரித்து, சாலை போட்டு, குத்தகைக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனை மாடி என்பதெல்லாம் நிபந்தனையிலேயே இருந்தன. நம் முன்னோர் தென்னாட்டிலிருந்து வந்து குமாஸ்தா வேலையில் அமர்ந்து, மாட்டுங்காவில் குடித்தனம் தொடங்கியபோது அனுபவித்த மர நிழலும் காற்றும் அந்த நிபந்தனைகளின் பலன்தான்.

மரைன் டிரைவ் வீடுகளைப் பாருங்கள். 1930களிலும் 40களிலும் எழுந்த அந்தக் குடியிருப்புகள் ஒரே உயரத்தில் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. ஓவல் மைதானத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள வீடுகளும் அதே காலத்தவை. கிழக்கு ஓரத்தில் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் முதலிய பழைய கல் கட்டடங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்த 94 கட்டடங்களின் தொகுதியைத்தான் 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவற்றில் பல, இன்றும் மக்கள் துணி உலர்த்திக்கொண்டு வாழும் வீடுகள் என்பதை மறக்கக் கூடாது.

நாடு விடுதலை அடைந்த பிறகு நிலத்தின் விலை ஏறியது. பழையதை இடித்து உயரமாகக் கட்டுவதில் லாபம் என்று ஆயிற்று. ஒவ்வொரு கட்டடமாக மறையத் தொடங்கியபோது நகரத்தில் அக்கறை உள்ளவர்கள் குரல் எழுப்பினார்கள். தொல்லியல் துறையின் சட்டம் குகைகளுக்கும் கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் பொருந்தும். குடித்தனம் நடக்கும் வீட்டுக்கு அது பொருந்தி வராது. ஆகவே 1995-இல் மகாராஷ்டிர அரசு, பம்பாயின் கட்டட விதிகளில் 67-ஆவது விதியாகப் பாரம்பரிய விதியைச் சேர்த்தது. 600-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் வட்டாரங்களும் பட்டியலில் இடம்பெற்றன. மாநகராட்சி ஆணையருக்கு ஆலோசனை கூற ஒரு பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் அமைந்தது. கட்டடக் கலைஞர், கட்டுமானப் பொறியாளர், நகர வரலாறு அறிந்தவர் போன்றோர் அதில் இருப்பார்கள். இந்திய நகரங்களுக்கு இது ஒரு முன்மாதிரியாக அமைந்தது. 2018-இல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டட விதித் தொகுப்பில் இதுவே 52-ஆம் விதியாகத் தொடர்கிறது.

மூன்று தரங்கள்

பட்டியலில் இருக்கிறது என்றாலே எல்லாம் ஒன்றல்ல. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தத் தரம்?" என்பதுதான்.

முதல் தரம்: நாட்டளவில், வரலாற்றளவில் முக்கியமானவை. நான் பல ஆண்டுகள் ஏறி இறங்கிய வி.டி. நிலையக் கட்டடம் இந்த வகை. கட்டடத்தின் ஆயுளை நீட்டிக்கவும் வலுப்படுத்தவும் தேவையானால் ஒழிய வெளியிலும் உள்ளிலும் கை வைக்கக் கூடாது.

இரண்டாம் தரம்: வட்டார அளவில் சிறப்புடையவை. இதில் 'ஏ', 'பி' என்று இரு பிரிவுகள். உள்ளே மாற்றங்கள் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். ஆனால் கண்டிப்பாகப் பரிசீலிப்பார்கள். 'பி' பிரிவில், பழைய கட்டடத்தோடு உயரத்திலும் முகப்பிலும் இசைந்து போகுமானால், அதே மனையில் கூடுதல் கட்டடம்கூடச் சில சமயம் கட்டலாம்.

மூன்றாம் தரம்: தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் தெருவின் தோற்றத்துக்கு இவை தேவை. உள்ளும் புறமும் மாற்றங்கள் பெரும்பாலும் செய்யலாம். சுற்றுப்புறத்தோடு பொருந்த வேண்டும் என்பதே நிபந்தனை.

இவை தவிர 'வட்டாரம்' என்ற வகையும் உண்டு. தெருவோ பேட்டையோ முழுவதுமாகப் பட்டியலில் இருக்கும். உங்கள் வீட்டின் பெயர் தனியாக இல்லை என்பதால் விதி பொருந்தாது என்று எண்ணிவிடக் கூடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். நானும் ஏமாந்தேன்.

எதற்கெல்லாம் அனுமதி?

விதியின் வாசகம் விரிவானது. இடிப்பது, கூட்டிக் கட்டுவது, மாற்றுவது மட்டுமல்ல. பழுதுபார்ப்பது, பூச்சு பூசுவது, சிறப்பு அம்சங்களை அகற்றி வேறு வைப்பது, வண்ணம் அடிப்பது ஆகியவற்றுக்கும் ஆணையரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். 'முன்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சுவாமி படம் மாட்ட நீங்கள் அடிக்கும் ஆணியைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. தெருவிலிருந்து தெரியும் ஜன்னல், பால்கனி, கூரை, பூச்சு இவற்றைத் தொட்டால்தான் கேள்வி வரும்.

வண்ணம் அடிக்கக்கூடவா என்று எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு போன கதையைச் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

எனக்கு மூத்தவரும் துறையில் எனக்கு வழிகாட்டியுமாக இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், ஓய்வுக்குப் பிறகு கிர்காவ் பக்கம் ஒரு சந்தில் தம் பழைய வாடகை வீட்டிலேயே இருந்தார். மரச் சட்டங்களும் செங்கல் சுவருமாக ஒரு மாடி வீடு. முன்பக்கம் மர வேலைப்பாடு உள்ள தாழ்வாரம். மேலே மங்களூர் ஓடு. இரண்டு குடித்தனத்துக்குக் கீழே ஒரே கழிப்பறை. அந்தச் சந்து முழுவதும் பட்டியலில் இருந்த வட்டாரம்.

2009 கோடையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, சுவர் உதிருது. கிராஜுட்டி பணத்திலே கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன். மழைக்கு முன்னே சரி பண்ணிரணும். வீட்டுக்காரர் நீங்களே பாத்துக்கோங்கன்னுட்டார். பெர்மிஷன் ஏதும் வாங்கணுமாடே?"

"அதெல்லாம் பெரிய கட்டடங்களுக்கு அண்ணாச்சி. நம்ம சந்துக்குள்ளே யார் வந்து பார்க்கப் போறா?" என்றேன். இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.

பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நல்ல சிமெண்ட் பூச்சு பூசச் சொன்னேன். செல்லரித்த மரக் கைப்பிடியை எடுத்துவிட்டு இரும்பு கிரில் வைக்கச் சொன்னேன். கழற்றிய மரத்தைப் பழைய சாமான்காரன் எடைக்கு எடுத்துப் போனான். கூரையின் ஒரு பகுதியில் ஓட்டை எடுத்துத் தகடு போட்டோம். வேலை முக்கால் பங்கு முடிந்தபோது மாநகராட்சி வார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, "எந்த அனுமதியின் பேரில்?" என்று கேட்டு, வேலையை நிறுத்தும் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார். ஜூன் பிறந்தது. அரைகுறைக் கூரையோடு அந்த மழைக்காலம் முழுவதும் தார்ப்பாயின் கீழ் கழிந்தது.

அதைவிடப் பெரிய பாடத்தைச் சுவர் கற்றுக் கொடுத்தது. ஆகஸ்டில் போய்ப் பார்த்தால், வெளியே சிமெண்ட் பளபளவென்று இருக்கிறது. உள்சுவர் ஊறி உப்புப் பூத்திருக்கிறது. காரணம் எளியது. பழைய செங்கலும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கும், வெயிலில் திரும்ப விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு சுவரின் மூச்சுக்கு வழிவிடுகிறது. சிமெண்ட் பூச்சு கெட்டியானது. ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். விரிசல் வழியாக உள்ளே போகும் தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனை அந்த ஈரத்தில் உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் தளம் இறங்கும். வி.டி.யில் வயதான கொத்தனார் ஒருவர் இதை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அலுவலகக் கட்டடத்துக்கு மட்டும் அது பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். பூச்சுக்கும் அனுமதி கேள் என்று விதி ஏன் சொல்கிறது என்பது அன்றுதான் விளங்கியது.

பிறகு முறைப்படி விண்ணப்பித்தோம். பழைய கட்டட வேலை தெரிந்த கட்டடக் கலைஞர் ஒருவரைப் பிடித்தோம். இப்போது உள்ள நிலைக்கு ஒரு வரைபடம், செய்யப் போகும் வேலைக்கு ஒரு வரைபடம், எல்லாப் பக்கமும் எடுத்த புகைப்படங்கள், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், செய்முறைக் குறிப்பு ஆகியவற்றைக் கொடுத்தோம். சில மாதங்களில் நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும். ஓடு திரும்ப வேண்டும். மரக் கைப்பிடி பழைய மாதிரியிலேயே வேண்டும். பழையது எடைக்குப் போய்விட்டதே! பக்கத்து வீட்டுக் கைப்பிடியை அளவெடுத்துத் தச்சரைக் கொண்டு புதிதாகச் செய்தோம். ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அதே அனுமதியில், மாடியிலேயே தனிக் கழிப்பறை, புதிய சமையலறை, புது மின்கம்பி இணைப்பு, உத்தரங்களுக்குக் கூரைத் தட்டியின் உட்புறம் மறைவாக இரும்புத் தகடு வைத்து வலுவூட்டல் எல்லாவற்றுக்கும் இசைவு கிடைத்தது. வாழ்வதற்குத் தேவையான எதையும் மறுக்கவில்லை. "ராத்திரி நேரத்திலே மாடி இறங்க வேண்டாம், அது போதும் எனக்கு" என்றார் மதினி. அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

குழு எதைப் பார்க்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், தெருவில் நின்று பார்ப்பவனின் கண்ணுக்கு எது மாறும் என்பதையும், ஒரு முறை போனால் திரும்ப வராதது எது என்பதையும் பார்க்கிறது. கட்டடத்தின் உயரம், கூரையின் வடிவம், ஜன்னல்களின் அளவும் வரிசையும், பால்கனி, கைப்பிடி, பூச்சு, கல், வண்ணம், பெயர்ப்பலகை ஆகியவை இதில் அடங்கும்.

பெயர்ப்பலகைக்கு ஓர் உதாரணம். தாதாபாய் நௌரோஜி சாலையில் கடைப் பலகைகள் வளைவுகளையே மறைத்துக் கிடந்த காலம் உண்டு. 1990களின் இறுதியில் கட்டடப் பாதுகாப்புக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பா அந்தச் சாலையை ஆராய்ந்து வழிமுறைகள் வகுத்தார். கடைக்காரர்களும் மாநகராட்சியும் சேர்ந்து பலகைகளை அளவாக்கி வளைவுக்குள் அடக்கினார்கள். கட்டாயத்தைவிடப் பேச்சுவார்த்தைதான் அங்கே வேலை செய்தது.

குழு பரிந்துரைக்கும், முடிவு ஆணையருடையது. விதிவிலக்கான சமயங்களில், காரணத்தை எழுதி வைத்துவிட்டு, அவர் பரிந்துரையை மாற்றலாம். பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்கவோ பெரிதாக மாற்றவோ விண்ணப்பம் வந்தால், பொதுமக்களின் ஆட்சேபங்களையும் கேட்ட பிறகே அனுமதிக்க வேண்டும். அதாவது, பக்கத்து வீட்டை ஒருவர் இடிக்க முனைந்தால் உங்களுக்கும் ஒரு குரல் இருக்கிறது.

பணத்துக்கு எங்கே போவது?

இனி மறுபக்கம். விதியைப் புகழ்ந்துவிட்டுப் போனால் நேர்மையாகாது. பாரம்பரியக் கட்டடத்தை ஒழுங்காகப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை என்று விதி சொல்கிறது. சரி, எதைக் கொண்டு பராமரிப்பது? 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் மாத அளவில் கட்டி நிறுத்தியது. 1999 சட்டம் வந்த பிறகும் பழைய குடித்தனங்களின் வாடகை சந்தை நிலவரத்துக்கு அருகில்கூட வரவில்லை. உரிமையாளர் செலவு செய்ய மறுக்கிறார். குடியிருப்பவரோ சொந்தம் இல்லாத சுவரில் எவ்வளவு போடுவது என்று தயங்குகிறார். இருவருக்கும் நடுவே மழை இறங்குகிறது.

இதற்காகத்தான் 1969-இல் சட்டம் போட்டு, பழைய கட்டடங்களிடம் ஒரு வரி வசூலித்துப் பழுதுபார்க்கும் வாரியம் அமைத்தார்கள். தொடக்கத்தில் 19,642 கட்டடங்கள் அதன்கீழ் வந்தன. பாரம்பரிய விதியிலேயே இன்னொரு வழியும் உண்டு. விதியின் காரணமாக மேலே கட்டும் உரிமையை இழக்கும் உரிமையாளர், அந்த உரிமையை நகரின் வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுத்து ஈடு பெறலாம். இதை 'டி.டி.ஆர்.' என்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலன் உரிமையாளருக்கு. ஒழுகுவது குடியிருப்பவரின் தலையில்.

2012-இல் புதிய வரைவுப் பட்டியல் வெளியானபோது தாதர் பார்சி காலனி, இந்து காலனி, சிவாஜி பார்க் போன்ற குடியிருப்புகளும் அதில் இருந்தன. ஒரே பரபரப்பு. புதுப்பித்துக் கட்ட முடியாமல் போய்விடுமே என்று சிவாஜி பார்க்வாசிகள் பலர் எதிர்த்தார்கள். பார்சி காலனியில் பலர், இதுவாவது எங்கள் மரங்களையும் தெருவையும் காக்கட்டும் என்று வரவேற்றார்கள். அப்போது இந்து காலனியில் உறவினர் வீட்டுச் சொசைட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் ஆட்சேபக் கடிதத்தில் கையெழுத்திடத் தயாராக இருந்தார்கள். "எந்தத் தரம் என்று போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்ப்பதில் தவறில்லை, எதை எதிர்க்கிறோம் என்று படித்துவிட்டு எதிர்க்கலாம் அல்லவா?

கிர்காவில் உள்ள கோத்தாச்சிவாடியை ஒரு ஞாயிறு காலையில் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். கிழக்கிந்தியக் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்படும் மும்பையின் பழங்குடிக் குடும்பங்களின் மர வீடுகள். வெளியே மாடிப்படி, முன்னால் தாழ்வாரம், நம் ஊர்த் திண்ணையை நினைவூட்டும். 65 வீடுகள் இருந்த இடத்தில் இன்று பாதிக்கும் குறைவாகவே உள்ளன. பட்டியலில் இருந்தும் இந்தக் கதி. விதி ஒரு வேலி மட்டுமே. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த வீட்டில் வசதியாக வாழ வழி இருந்தால்தான் பயிர் பிழைக்கும்.

செய்ய வேண்டியவை

அன்பர்களுக்கு என் யோசனைகள் இவை:

1. உங்கள் கட்டடமோ தெருவோ பட்டியலில் உண்டா, என்ன தரம் என்பதை எழுத்து மூலம் தெரிந்துகொள்ளுங்கள். வார்டு அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

2. காண்ட்ராக்டரைக் கூப்பிடும் முன் புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

3. மழை முடிந்ததும் விண்ணப்பியுங்கள். ஏப்ரலில் விண்ணப்பித்தால் ஜூனில் நனைய வேண்டியதுதான்.

4. கழற்றிய மரம், ஓடு, கைப்பிடி எதையும் எடைக்குப் போடாதீர்கள். மாதிரிக்காவது ஒன்று கையில் இருக்கட்டும்.

5. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள்.

6. ஆண்டுதோறும் கூரையையும் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். பெரிய அனுமதிகள் தேவைப்படுவது, சிறிய பழுதுகளைக் கவனிக்காமல் விட்டதால்தான்.

7. கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்தால் அழகைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். தகுதி பெற்ற கட்டுமானப் பொறியாளரின் அறிக்கை வாங்குங்கள். உயிர்தான் முதலில். வலுவிழந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டவும் விதியில் இடம் இருக்கிறது.

பந்தியில் கேட்ட அன்பருக்கு இப்போது என் பதில்: ஆணி அடியுங்கள். ஜன்னலைக் கழற்றும் முன் மட்டும் கேட்டுவிடுங்கள். முன்னால் கேட்டால் ஆகும் செலவு சில மாதங்கள். பின்னால் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அண்ணாச்சியின் கிராஜுட்டிப் பணமே சாட்சி. விண்ணப்பத்துக்கான வரைபடம், குறிப்பு முதலியவற்றில் ஐயம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க நூலகத்தில் என்னைப் பார்க்கலாம். முன்பு சொன்ன தவறான யோசனைக்கு இதுதான் நான் செய்யும் பரிகாரம்.